கம்பி இறங்காத அம்பாரம்

போன வாரம் முத்தையாபுரம் தாண்டிப் பேருந்தில் போகும்போது, உப்பு அம்பாரத்துக்கு மேலே ஒரு டிரோன் சுற்றிக்கொண்டிருந்தது. இருப்பை அளக்கிறார்களாம், பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். எனக்கு ஈரப் பனையோலை வாடை அடித்தது. இப்போது ஓலை ஏது, எல்லாம் நீலத் தார்ப்பாய்தான். வாடை என் மண்டைக்குள்ளிருந்து வந்திருக்க வேண்டும்.

எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்ற எனக்கு, அந்த நாளில் ஒரு உப்புக் கம்பெனியில் அம்பாரத்துக்கு ஓலை வேயும் வேலை. வருடம் ஒருமுறை ஆடிட்டர் வருவார். அவர் கையெழுத்தைப் பார்த்துத்தான் பேங்க் கடன் கொடுக்கும். டவுன் பஸ்ஸில் வருவார்; சோறும் தண்ணீரும் வீட்டிலிருந்தே. "சாருக்கு நம்ம தண்ணிகூட ஆவாது" என்று முதலாளி அண்ணாச்சி சிரிப்பார். ஆடிட்டர் சிரிக்க மாட்டார். ஏதாவது ஒரு அம்பாரத்தைக் கை காட்டுவார். நான் ஓலையைப் பிரித்து நீளக் கம்பியை உள்ளே இறக்கி உருவுவேன். ஒட்டி வருவதை விரலால் தொட்டுப் பார்ப்பார்.

பாத்தியில் உப்பு வாரும் ரோஸ்லின் அக்காவும் அந்தக் கையெழுத்துக்குத்தான் காத்திருந்தாள். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததை வட்டிக்குக் கேட்டிருந்தார் அண்ணாச்சி. "ஆடிட்டர் போடட்டும்ல, பொறவு குடுப்பம்" என்றாள்.

அதற்குள் ஆடிட்டரின் மகன் எங்கள் கம்பெனியிலேயே மேனேஜர் ஆகிவிட்டான். அந்த வருடம் அவர் அண்ணாச்சியின் காரில் வந்து இறங்கினார். முந்தின வாரந்தான் நாங்கள் மூன்று பேர் தேரிச் செம்மணலை லாரி லாரியாகக் கொட்டி, மேலே உப்பைப் பரப்பி, ஓலை வேய்ந்திருந்தோம். கம்பியோடு நின்றேன். அவர் கம்பியைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், கடைசியில் என்னிடம் கேட்டார்.

"உள்ளயும் உப்புதானப்பா?"

"உப்புதான் சார்."

அண்ணாச்சியிடம் கூலி வாங்குகிறவனிடம் கேட்டார். அவர் மகனும் அங்கேதான் வாங்கினான்.

சாயங்காலம் ரோஸ்லின் அக்கா கேட்டாள், "போட்டாரால?"

"போட்டாரு."

வேறொன்றும் நான் சொல்லவில்லை. மறுநாள் பணத்தைக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த வருடம் பேங்க்காரர்கள் அம்பாரத்தை வெட்டியபோது சிவப்பாகச் சரிந்தது. பூட்டின கேட்டுக்கு வெளியே அவள் நின்றாள். அன்றே ஊரைவிட்டுக் கிளம்பினேன். அப்புறம் எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை.

இப்போது அந்த இடம் கண்டெய்னர் யார்டு. ஆடிட்டர் இல்லை, அண்ணாச்சியும் இல்லை. அவள் ஊரான கீழவைப்பாருக்குப் போய் விசாரித்தேன். வீடு இருந்த இடத்தில் ஐஸ் கம்பெனி நிற்கிறது. அவள் மகளுக்குக் கல்யாணம் ஆனதா என்று யாருக்கும் தெரியவில்லை.