என் கழுத்து நரம்பும் டாக்டரம்மாவின் மனுவும்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். சிறுநீரக மருத்துவரான எங்கள் டாக்டரம்மா, மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி, டயாலிசிஸ் பிரிவின் சிஸ்டர், ஓரத்துக் கட்டிலில் அம்மையார்குப்பத்து நெசவாளர் ஒருவர், நடுக் கட்டிலில் சட்டையைக் கழற்றிவிட்டு மல்லாந்து கிடந்த நான். நான் நோயாளி இல்லை. திருத்தணியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு வேலை பார்க்கிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். பேருந்து கே.ஜி.கண்டிகையில் கொஞ்சம் கூடுதலாக நின்றாலே வண்டி பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டிவிடுவேன். அப்படிப்பட்டவனின் கழுத்தை நம்பித்தான் டாக்டரம்மா அன்று அத்தனை பெரிய காரியத்தில் இறங்கியிருந்தார்.

டயாலிசிஸுக்குக் கையிலுள்ள ரத்தக்குழாய் கெட்டுப்போனால், கழுத்துப் பெரு நரம்பில் குழாய் போடவேண்டும். நரம்பு எங்கே ஓடுகிறது என்று விரலால் தடவி ஊகித்துத்தான் ஊசியை இறக்குவார்கள். பார்த்துப் போட ஸ்கேன் மெஷின் எங்களிடம் இருந்தது. ஆனால் வயிற்றுப் பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்கும் சட்டம் இருப்பதால், அனுமதிப் பத்திரத்தில் பெயர் உள்ளவர்தான் அதை இயக்கலாம். அப்படிப் பெயர் உள்ள ஸ்கேன் டாக்டர் வாரத்தில் இரண்டு மதியம் மட்டும் வருவார். "அந்தச் சட்டம் வேணும்ப்பா, நான் அதுக்கு எதிரி இல்ல. கிட்னி டாக்டருக்கும் அதுல ஒரு எடம் குடுங்கன்னுதான் கேக்கறேன்" என்பார் டாக்டரம்மா. அதைக் கேட்டு அவர் எழுதிய கடிதங்களை எத்தனை முறை தபால் நிலையத்துக்குக் கொண்டுபோயிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை.

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஸ்கேன் கற்றுக்கொள்ள ஞாயிறுதோறும் சென்னைக்குப் போனார். தன் மகள் வயதுள்ள டாக்டர்களோடு உட்கார்ந்து நோட்டில் படம் வரைந்துகொண்டு வந்தார். ஸ்கேன் டாக்டர் வரும் நாட்களில், அவர் பக்கத்தில் நிற்க, என்னைப் படுக்கவைத்துப் பழகுவார். டாக்டரம்மா திரையைப் பார்த்துப் பேசாமல் இருந்தால் என் சிறுநீரகம் போய்விட்டது என்றே நினைத்துக்கொள்வேன். ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டார். அதிலிருந்து கருவியை நகர்த்தும்போதெல்லாம் "நல்லாகீது, நல்லாகீது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பார்ப்பார். பிறந்த ஊரான கனகம்மாசத்திரத்துப் பேச்சு அவரை விட்டுப் போகவே இல்லை.

அந்த நெசவாளருக்கு முன்பு ஒருமுறை கழுத்தில் குழாய் போட்டவர் டாக்டரம்மாதான். மூன்று குத்து. மூன்றாவது தவறான ரத்தக்குழாயில் பட்டு, கழுத்து வீங்கி, ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பிப் பிழைக்கவைத்தார்கள். இப்போது கையிலுள்ள ரத்தக்குழாயும் கெட்டுவிட்டது. மறுநாள் அவருக்கு டயாலிசிஸ் நாள். ஸ்கேன் டாக்டர் வர இன்னும் மூன்று நாள் இருந்தது. "பாத்துப் போடறதா இருந்தா போடு தாயி. இல்லாட்டி நா வூட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று அந்த வார்டில் தெரியாதவர் கிடையாது.

அதனால்தான் அனுமதி தரும் அதிகாரி முன்னால் என் கழுத்தில் ஸ்கேன் செய்துகாட்ட ஏற்பாடு. டாக்டரம்மா ஸ்கேனுக்கான பசையைத் தடவிக் கருவியை வைத்தார். அகலமாகத் தெரியவேண்டிய நரம்பு வெறும் கீறலாகத் தெரிந்தது. நான் மூச்சு இழுக்கும்போது அதுவும் மறைந்தது.

"இதுவாம்மா நரம்பு? ஒண்ணும் தெரியலியே" என்றார் அதிகாரி.

டாக்டரம்மா குனிந்து, "காலைல இருந்து இன்னாடா குடிச்ச?" என்றார்.

"ஒண்ணும் இல்லம்மா. காரியம் முடியறவரைக்கும் பச்சத் தண்ணி வாயில வெக்க மாட்டேன்னு வேண்டிக்கினு மல ஏறிட்டு வந்தேன். ஸ்கேனுக்கும் வெறும் வயிறுதானே..."

சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "முருகனுக்கு வேண்டிக்கினு நம்பளுக்கு வேட்டு வெச்சிட்டான் பாரு!" உடம்பில் நீர் குறைந்தால் நரம்பு தட்டையாகிவிடும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு மனிதரின் உயிரைக் கெடுத்துவிட்டேன் என்றே முடிவுகட்டிவிட்டேன்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "சார், இவன் கழுத்தத் தொட்டுப் பாருங்க. உள்ள நரம்பு பெருசா சின்னதான்னு சொல்லுங்க" என்றார். அதிகாரி தொட்டுப் பார்த்தார். "தொட்டா எப்படிம்மா தெரியும்?"

"ஆங். எனக்கும் தெரியாது சார். இத்தினி வருசமா அப்படித்தான் குத்திகினு இருந்தேன்."

சிஸ்டரிடம் என் கால்களைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். கால் ரத்தம் மேலே வர வர, திரையில் அந்தக் கீறல் மெல்ல வாய் திறந்து அகன்றது. "இப்ப போடலாம். மின்னாடியே போட்டிருந்தா ஊசி அந்தப் பக்கம் தாண்டியிருக்கும்." பிறகு ஓரத்துக் கட்டிலைக் காட்டினார். "அவர் கழுத்துல அப்படித்தான் தாண்டிச்சி. என் கையாலதான்."

தன் தவறைத் தானே எடுத்து ஓர் அதிகாரி முன்னால் வைக்கும் டாக்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதிகாரி என் காலை இறக்கச் சொன்னார், மறுபடி தூக்கச் சொன்னார், இரண்டையும் பார்த்தார். பக்கத்து ஊர்களின் சிறுநீரக மருத்துவர்களும் கையெழுத்திட்ட மனுவை எடுத்துக்கொண்டு டாக்டரம்மா அவருடைய ஜீப்பிலேயே ஏறினார். போகும்போது, "மொதல்ல தண்ணி குடி. முருகர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றார்.

இப்போது அந்த மருத்துவர்கள் எங்களிடம் வந்து ஸ்கேன் பழகிவிட்டு, தங்கள் ஊர்களில் இதே அனுமதிக்கு மனுப் போடுகிறார்கள். படுத்திருப்பவன் முகத்தையும் பாருங்கள் என்றுதான் டாக்டரம்மா பாடத்தைத் தொடங்குகிறார். அவரைப் பெரியவராக்கியது எது என்று கேட்டால் நான் சொல்வது அன்றைய மாலையைத்தான். அனுமதிப் பத்திரத்தோடு திரும்பியவர் நேராகக் கை கழுவப் போனார். நெசவாளர் கண்களை இறுக மூடிக்கொண்டு என் மணிக்கட்டை நெரித்தார். டாக்டரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, கண் திறக்காமலே, "இன்னும் குத்தலியா தாயி?" என்றார் அவர்.

"போட்டாச்சி பெரியவரே. ஒரே குத்துதான்."