தாபேஸ் எழுதச் சொன்ன வரி

ஜேமே ஊரில் ரொட்டி சுட்டு விற்ற தாபேஸ் பிடித்த பிடியை விடாதவள். கைம்பெண், ஒரே மகன் பெகோஷ். அவன் காய்ச்சலில் கண் சொருகிக் கிடந்தபோது, மலைமேல் மடத்தில் அடங்கிய புனிதர், எல்லோரும் 'அப்பா' என்று அழைக்கும் தத்ரேயிடம் நேர்ந்துகொண்டாள்: "பிழைக்க வையுங்க. ஆயுசுக்கும் அவன் உங்க பிள்ளை."

பிழைத்தான். அவளோ வேண்டுதலை மறந்தவள் போல இருந்துவிட்டாள். ஆறு கடக்கிறவரைக்கும்தானே அண்ணன் தம்பி! அறுவடை முடிந்ததும் காய்ச்சல் திரும்பியது. பயந்துபோய் மகனை மடத்திலேயே கொண்டுபோய்க் கிடத்தினாள். புனிதரின் கல்லறையருகே படுத்துப் படுத்து அவன் தேறினான்.

இனி ஏமாற்ற முடியாது. மகனை மடத்துக்குக் கொடுக்கும் தானப் பத்திரத்தில், கையெழுத்துக்குப் பதிலாக மூன்று சிலுவைக் குறி போட மடத்து வாசலுக்கு வந்தாள். எழுதியதை வாசித்துக் காட்டித்தான் குறி வாங்குவது வழக்கம். மடத்துக் காரியஸ்தர் எலிசாயோஸ் வாசித்தார்: "ஆயுள் முழுக்கத் தரை பெருக்குவான், தண்ணீர் எடுப்பான், விளக்கேற்றுவான்."

"நில்லுங்க சாமி. அதோட, 'இல்லேன்னா வீட்டுலயே இருந்து உழைச்சு, சம்பாதிச்சதை மடத்துக்குக் குடுப்பான்'னும் எழுதுங்க. மத்தவங்களுக்கு எழுதியிருக்கீங்கல்ல?"

"நேர்ந்துக்கிட்டப்போ இப்படியா சொன்ன?"

"உங்க பிள்ளைன்னுதான் சொன்னேன். எங்க படுப்பான்னு சொல்லலியே."

"அப்பா தத்ரேக்குக் கோபம் வந்தா?"

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க எழுதுங்க."

எலிசாயோஸ் பெருமூச்சு விட்டார். ஆனாலும் எழுதினார்: 'இரண்டில் எது அவன் விருப்பமோ அது.' பிறகு அம்மா பக்கத்தில் நின்ற பெகோஷைப் பார்த்தார். "சொல்லுடா, எது?"

தாபேஸ் மகனின் துணி மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பதில் அவளுக்குத் தெரியும்.

"நான் இங்கயே இருக்கேம்மா," என்றான் பெகோஷ். "அவர் பக்கத்துல படுத்தாத்தான் எனக்குப் பயமில்லாம தூக்கம் வருது."

அவள் மூட்டையை இறக்கினாள்.

"அப்ப இந்த வரி எதுக்கு? அடிச்சுடலாம்," என்று எலிசாயோஸ் எழுதுகோலை எடுத்தார்.

மடத்துச் சாமி கையைப் பெண்கள் தொடக் கூடாது. பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அந்த வரியின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இருக்கட்டும் சாமி. என்னைக்காவது இவன் மனசு மாறினா, வீட்டுக்கு வர வழி வேணும்ல."

கையை எடுக்காமலே, மறு கையில் எழுதுகோலை வாங்கி மூன்று சிலுவை போட்டாள்.