கத்திரிக் கோப்பில் இருந்த பெயர்

கன்னியப்பனின் பெயரை அழித்தது நான்தான். கை தவறிவிட்டது என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன், பொய். யோசித்து, பகல் பதினொரு மணிக்கு, காபி குடித்துக்கொண்டே அழித்தேன்.

இன்று காலை மாடியில் வேப்பம்புண்ணாக்கு மூட்டையைப் பிரித்தேன். அந்த நெடி ஏறியதும் அவன் நினைவு வந்து உட்கார முடியவில்லை. படி இறங்கினேன், ஏறினேன், ஒரு தொட்டியை நகர்த்தி மறுபடி பழைய இடத்திலேயே வைத்தேன். நெடி என்றால் எனக்கு முதலில் அம்மோனியாதான். ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் முப்பது வருடம் இருந்தேன். அங்கே வரைபடத்தை அம்மோனியா ஆவியில்தான் நகல் எடுப்பார்கள், அந்தத் தாள் கண்ணைக் கரிக்கும். ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் ஒரு கட்டம் உண்டு: என்ன திருத்தம், யார் திருத்தியது. அது காலியாக இருந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். பெரிய கண்டிப்புக்காரன்!

கன்னியப்பன் அங்கே ஃபிட்டர். பருத்திப்பட்டில் பயிர் வைத்த குடும்பம். என் வரைபடங்களைப் பென்சிலால் சுழித்துத் திருப்பி அனுப்புவான். "இந்தத் தொளைல போல்ட்டு போவாது அண்ணாத்தே, உன் வெரல வுட்டுப் பாரு."

ஓய்வுபெற்றபின் மாடித்தோட்டம் பற்றி இருவரும் ஒரு புத்தகம் எழுத ஆரம்பித்தோம். மென்பொருள் வேலையில் இருக்கும் என் மகள், அவர்கள் பயன்படுத்தும் 'கிட்' என்ற கருவியை அமைத்துக் கொடுத்தாள். செடிக்கு ஒரு கோப்பு. யார் எந்த வரியை மாற்றினாலும் பெயர், நேரம், ஏன் மாற்றினார் என்ற குறிப்பு எல்லாம் பதிந்துவிடும். "உங்க டிராயிங் கட்டம்தாம்பா இது" என்றாள்.

கத்திரிக் கோப்பில், புழு துளைத்த நுனியைக் கிள்ளி உரக்குழியில் போடச் சொல்லியிருந்தேன். கன்னியப்பன் போனிலேயே திருத்திக் குறிப்பும் எழுதினான்: "குழில போட்டா புழு சாவாது அண்ணாத்தே. திரும்ப ஏறி வந்து துன்னும். கொளுத்து." வெண்டைக்கு எழுதிய குறிப்பு: "இது படிச்சதா, நட்டுப் பாத்ததா?" சிரித்தேன். கொஞ்சம் எரிச்சலும் பட்டேன்.

வானகரத்தில் ஒரு பதிப்பாளர் கேட்டார், "யார் சார் எழுதினது?" "நான்தான்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிடவில்லை, எனக்குச் சொல்ல ஆசையாக இருந்தது. கோப்புகளை அனுப்பச் சொன்னார். வரிக்கு வரி அவன் பெயர் தெரியுமே! கடைசி வடிவத்தை மட்டும் என் பெயரில் புதிதாக ஏற்றிவிட்டு, பழையதை நீக்கினேன்.

மறுநாளே போன். "இன்னா அண்ணாத்தே, நம்ம புக்கையே காணோம்?"

"ஏதோ கோளாறு கன்னியப்பா."

என் பெயர் மட்டும் போட்டுப் புத்தகம் அச்சானதும் வீட்டுக்கு வந்தான். புரட்டிப் பார்த்தான். "என் கத்திரிக்கா நல்லாத்தான் காய்ச்சிக்கீது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு வருடம் கழித்துத்தான் மகளிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் தன் பழைய மடிக்கணினியில் இருந்த பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தாள். பாதிக்கு மேல் அவன் வரிகள். மறுபதிப்பில் அவன் பெயரை முதலில் போடவைத்தேன். நடந்ததை முன்னுரையில் எழுதினேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு பருத்திப்பட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அத்த உடு. டீ சாப்டு" என்றான். மறுபடி திருத்துவதற்கு அவன் போனில் கோப்புகளைத் திறந்து கொடுத்தேன். "பாக்கறேன்" என்றான்.

அதற்குப் பிறகு பாகல், புடலை, பீர்க்கு என்று எழுதிக்கொண்டே போனேன். ஒரு திருத்தமும் வரவில்லை. கடைசியில் தக்காளிக் கோப்பில் வேண்டுமென்றே தப்பாக எழுதினேன்: 'உச்சிவெயிலில் இலை நனையத் தண்ணீர் ஊற்றவும்.' இதற்குமா சும்மா இருப்பான்? ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறந்து பார்த்தேன். பொறுக்காமல் அவன் மனைவிக்குப் போன் செய்தேன்.

"தெனமும் பாக்கறாரு அண்ணா. பாத்துட்டுப் போனக் கமுத்து வெச்சிடறாரு" என்றார்.

மூன்று வாரம் காத்திருந்தேன். அப்படியே அச்சேறி, யாராவது நம்பி ஊற்றிவிடுவார்களே என்று, அந்த வரியை நானே திருத்தினேன்.