ரேடியம் மீன்

கோயமுத்தூர் உக்கடத்து மீன்கடை அப்துல் கையூமுக்கு வாய் கொஞ்சம் நீளம். வியாபாரம் மட்டும் சுத்தம். "எங்கிட்ட வாங்குன மீன்ல குத்தம் இருந்தா கடையவே மூடிப்போடறேனுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சவால் விடுவார். அந்த வாய்க்குச் சோதனை தொண்ணூற்று நான்காம் வருஷம் ஒரு சாயங்காலம் வந்தது.

கரண்ட் போய் ஊரே இருட்டாகக் கிடந்தது. அடுத்த தெரு பங்காரம்மா, சற்று முன் வாங்கிப்போன மத்தியைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார்.

"ஏனுங்க பாய், மீனுக்கு ரேடியத்தைத் தடவிப்போட்டீங்களா? அந்த மெழுகுவத்திய அணைச்சுப்போட்டுப் பாருங்க!"

அணைத்தார். யா அல்லாஹ்! சட்டிக்குள் மீனெல்லாம் நீலமாக மினுங்கிக்கொண்டிருந்தன. பல்பு வெளிச்சத்தில் பெட்டி இறக்கி, வெயிலில் விற்றுப் பழகிய மனிதர் மீனை இருட்டில் எங்கே பார்த்தார்!

கூட்டம் கூடிவிட்டது. பழைய மீனைப் புதுசாகக் காட்ட மருந்து பூசியிருக்கிறார் என்றார் ஒருவர்.

"நல்ல மீனுன்னா நீங்களே ஒண்ணு தின்னு காட்டுங்க" என்றார் பங்காரம்மா.

அங்கேதான் கையூம் மாட்டிக்கொண்டார். மீன் வாயில் பட்டாலே அவருக்கு உடம்பெல்லாம் தடித்து வீங்கும். தின்று வீங்கினால் விஷம் என்பார்கள். தின்னாவிட்டால் அதுவே சாட்சியாகிவிடும். இத்தனை வருஷம் காப்பாற்றிய பேர் கண்ணெதிரே போகிறதே என்று பாவம், அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சத்தம் கேட்டு, கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து அவர் மனைவி பாத்திமுத்து வந்தார். கடலோர நாகூரில் பிறந்தவர். சட்டியை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இது கடல் தண்ணியில இருக்குற பொடி உசுருங்க பண்ற வேலைங்கம்மா. கண்ணுக்குத் தெரியாது, மீன் மேல ஒட்டிக்கிட்டு வந்து இருட்டுல மினுங்கும். எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். வறுத்தாப் போயிருமுங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. ஸ்டவ்வைக் கொண்டுவந்து பற்றவைத்து, அதே மீனை உப்பும் மிளகாய்த்தூளும் தடவி வறுத்து, எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து தின்றார். ஒன்று முடிந்து இன்னொன்று, அதுவும் முடிந்து இன்னொன்று. பொறுக்கமாட்டாமல் பங்காரம்மாவே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "பாய், எனக்கு ஒரு அரைக்கிலோ போடுங்க" என்றது கூட்டத்தில் ஒரு குரல். போன பேர் திரும்பி வந்தது.

கையூம் தராசைத் தொடவில்லை. அவருக்கு ஆகாது என்பதால், கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் மீன் வெந்ததே இல்லை. பாத்திமுத்து கண்ணை மூடிக்கொண்டு முள்ளை உறிஞ்சுவதைப் பார்த்தபடி நின்றார்.

"உனக்கு மீன் இத்தனை புடிக்குமா?"

"நீங்க என்னைக்குங்க கேட்டீங்க?" என்றார் பாத்திமுத்து, அடுத்த மீனை எடுத்துக்கொண்டே.