கடைக்கு ஒரு நேரம், அடுப்படிக்கு ஒரு நேரம்

நான் குடியிருக்கும் நாட்டிங்ஹாம் நகரத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை நேரத்தை மாற்றுவார்கள். வசந்தம் வந்ததும் எல்லாரிடமிருந்தும் ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். அக்டோபர் கடைசியில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வட்டி கிடையாது. சனிக்கிழமை படுக்கப் போகுமுன் ஊரே கடிகார முள்ளைத் திருகிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடும். இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிறேன், இந்த அமைதிக்கு மட்டும் நான் இன்னும் பழகவில்லை. எனக்குத் தெரிந்த வரையில் அரசாங்கம் நேரத்தை மாற்றினால் யாராவது ஒருவர் கன்னத்தில் அறை விழ வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் காலை வேலையை முடித்துவிட்டு மத்தியானம் வீடு திரும்பினால், பக்கத்து வீட்டு டோரதி என் முன்னறையில் பெருமையோடு நின்றுகொண்டிருந்தாள். பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக என் வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் உண்டு. எனக்கு மறந்துபோயிருக்கும் என்று வீட்டிலுள்ள கடிகாரங்களையெல்லாம் அவளே திருத்தி வைத்துவிட்டாளாம். "உன் சமையலறைக் கடிகாரம்தான் ரொம்பவும் கெட்டுப்போயிருந்தது, டியர். மணிக்கணக்கில் தப்பாக ஓடிக்கொண்டிருந்தது" என்றாள், நோயாளியின் உறவினரிடம் பேசும் குரலில்.

அது கெட்டுப்போன கடிகாரம் இல்லை, வேறு ஓர் ஊரின் நேரம் என்றேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எவ்வளவு அழகான எண்ணம். எந்த ஊர்?"

வாயைத் திறந்தேன். பதில் வரவில்லை. அவளோ நான் ஊரை நினைத்துக் கலங்கிவிட்டதாக எண்ணி, தோளில் தட்டிக்கொடுத்து, தேநீர் போட்டுக் குடிக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கலக்கமெல்லாம் ஒன்றுமில்லை. கேள்விக்கு உண்மையிலேயே விடை இல்லை. ஏன் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் ஜப்பான்காரன் காலத்து மலாயாவுக்கு, கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணிக்குத்தான் உங்களைக் கூட்டிப்போக வேண்டும்.

எங்கள் தெரு ஊரின் பழைய பகுதியில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. மேலே வீடும் கீழே கடையுமாக ஒட்டிப் பிறந்த கட்டடங்கள். முன்னால் எல்லாக் கடைகளையும் கோர்த்துக்கொண்டு ஓடும் அஞ்சடி நடைபாதை. மழை பெய்தாலும் நனையாமல் தெருக்கோடி வரை ஓடிப் பிடித்து விளையாட அதுதான் எங்களுக்கு மைதானம். அப்பாவுடையது மளிகைக் கடை. பக்கத்துக் கடைச் சீனர் சவப்பெட்டி செய்பவர். அரிசியும் சீனியும் மறைந்துபோன அந்த நாளில் தெருவிலேயே சரக்குக்கும் கிராக்கிக்கும் குறைவில்லாத ஒரே கடை அவருடையதுதான். கருவாட்டு வாடையும் இழைத்த மரத்தூளின் வாசனையும் கலந்து வந்தால் இன்றைக்கும் நான் ஒன்பது வயதுப் பெண்ணாகி, யாரையாவது கிள்ளிவிட்டு ஓடலாமா என்று பார்ப்பேன்.

அந்தத் தெருவில் அதுவரை நேரம் என்று தனியாக ஒன்று கிடையாது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் ஒரு நேரம், ரயில் ஊதினால் ஒரு நேரம். கடையின் கிழக்குச் சுவரில் பெரிய பெண்டுலக் கடிகாரம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தாலும் அதை அப்பா அழகுக்காகத்தான் வைத்திருந்தார். ஜப்பான்காரன் வந்தான். மலாயா முழுவதும் இனி தோக்கியோ நேரம்தான் என்று உத்தரவு போட்டான். நம் நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னால். வாள் தொங்கவிட்ட ஓர் ஆபீசர் கடை கடையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், எங்கள் கடிகாரத்தைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அப்பாவின் கன்னத்தில் ஒன்று விட்டார். அப்பா முள்ளைத் திருகினார். ஒரு நொடியில் எங்கள் கடை ஜப்பானுக்குப் போய்விட்டது.

அடுப்படி போகவில்லை. கடைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு சாக்குப் படுதா தொங்கும். அதற்கு அந்தப் பக்கம் அம்மாவின் அலாரக் கடிகாரம் பழைய நேரத்திலேயே ஓடியது. எல்லாரையும் போல மாற்றிவிடேன் என்று அப்பா கெஞ்சிப் பார்த்தார். விளக்கேற்றுவதும் விரதம் விடுவதும் ராகு காலம் பார்ப்பதும் அந்தக் கடிகாரத்தை வைத்துத்தான் என்று அம்மா அசையவில்லை. "ராகு என்ன தோக்கியோவுலயா பொறந்தாரு?" என்று ஒரே கேள்வி. கன்னத்தில் அறை வாங்கிய மனுஷனுக்கு வாதாடத் தெம்பு இல்லை.

இரண்டு நேரத்தால் பெரியவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நான் செழித்தேன். எண்ணெய் தேய்த்துவிட அம்மா கூப்பிட்டால், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று படுதாவைத் தாண்டி ஜப்பானுக்கு ஓடிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் கிழக்கே பார்த்துக் குனிந்து சக்கரவர்த்தியைக் கும்பிட்டு, புரியாத பாட்டைப் பாடிவிட்டு வந்ததும், கடையில் அப்பாவோடு உட்கார்ந்து தோக்கியோ மதியத்துக்கு ஒரு சாப்பாடு. ஒன்றரை மணி கழித்து அடுப்படியில் அம்மாவோடு உட்கார்ந்து கெடா மதியத்துக்கு ஒரு சாப்பாடு. இரண்டும் மரவள்ளிக்கிழங்குதான். ஆனாலும் ஊரே ஒருவேளைச் சாப்பாட்டுக்குத் திண்டாடியபோது இரண்டு மதியம் வாய்த்த பாக்கியசாலி நான் ஒருத்திதான். கிழங்கு ஏன் இப்படிக் குறைகிறது என்று அம்மா எலியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

இப்படி நான் கொழுத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் பாக்கியம் அத்தையின் கல்யாணம் வந்தது. அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். மாப்பிள்ளை பாடாங் மேஹா தோட்டத்துக் கங்காணியின் மகன் ரத்தினம். பேசி முடித்த இடம்தான்; அரிசி கிடைக்கட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள். அதற்குள் சயாமில் ரயில் சடக்குப் போட, தண்டவாளம் பதிக்க, ஆள் பிடிக்கும் பேச்சு தோட்டத்துக்குள் வந்துவிட்டது. முதலில் கல்யாணமாகாத பையன்களைத்தான் எடுக்கிறார்கள், அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலப் பெரட்டில், தோட்டத்து ஆள் கணக்கெடுப்பில், நிறுத்திப் பேர் எழுதப் போகிறார்கள் என்று கங்காணி காதுக்கு எட்டியது. அரிசியாவது மண்ணாவது, வெள்ளிக்கிழமை காலையில் தாலி கட்டிவிடுவது என்று முடிவாயிற்று. மாப்பிள்ளைக்கு அரை நாள் லீவுதான். சாயங்காலப் பெரட்டுக்குத் திரும்பிப் போய் நிற்காவிட்டால், கல்யாணமானவனோ ஆகாதவனோ, முதல் பேர் அவன் பேர்தான்.

இங்கேதான் இரண்டு நல்ல மனிதர்கள் சேர்ந்து காரியத்தைக் கெடுத்தார்கள். அம்மா பஞ்சாங்கத்தைப் பார்த்து, பழைய நேரத்தில் ஏழரையிலிருந்து ஒன்பது வரை முகூர்த்தம் என்றாள். தோட்டத்தில் எல்லாம் ஜப்பான் மணிதான், அவர்களுக்குக் குழப்பம் வரக்கூடாது என்று அப்பா நல்ல மனதோடு ஒன்றரை மணியைக் கூட்டி, ஒன்பதிலிருந்து பத்தரை என்று சொல்லியனுப்பினார். அதைக் கேட்ட கங்காணி, பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னது பழைய மணியாகத்தான் இருக்கும் என்று அதே நல்ல மனதோடு இன்னொரு ஒன்றரை மணியைக் கூட்டிக்கொண்டார். ஒரு தரப்பாவது கொஞ்சம் அலட்சியமாக இருந்திருந்தால் கல்யாணம் ஒழுங்காக நடந்திருக்கும்.

அடுப்படிக்குப் பின்னால் முற்றத்தில் பந்தல். வாழைமரம் கட்டியிருந்தது. ஜப்பான்காரன் நோட்டிலும் வாழைமரம்தான் அச்சடித்திருக்கும் என்பதால், அந்தக் காலத்தில் பணமில்லாத வீட்டுக்கும் அது கொஞ்சம் பணக்காரக் களையைக் கொடுத்தது. குலா மலாக்கா வெல்லம் போட்டு மரவள்ளிப் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. முகூர்த்தம் தொடங்கியது, நடந்தது, முடிந்தது. மாப்பிள்ளை வீட்டாரைக் காணோம். பண்டாரம் மூன்று தடவை மந்திரத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அத்தை மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சயாமுக்கு ரயிலேறிப் போனவர்களிடமிருந்து அதுவரை ஒரு சேதியும் வந்ததில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

கடைசியில் மாட்டு வண்டி வந்து நின்றபோது அம்மாவின் அலாரக் கடிகாரத்தில் சரியாகப் பத்தரை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறக்கிறது. வழியில் காவலுக்கு நின்ற ஜப்பான்காரனுக்குக் குனிந்தது போதவில்லை என்று வெயிலில் நிறுத்திவிட்டார்களாம். "கொஞ்சம்தானே சம்மந்தி தாமதம்" என்று சொல்லிக்கொண்டே கங்காணி இறங்கினார். அவர் கணக்கில் அப்படித்தான்.

பிறகு நடந்த பேச்சை நான் முழுவதும் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். சுருக்கம் இதுதான்: ராகு காலம் முடிய ஒன்றரை மணி ஆகும், அதுவரை காத்திருந்தால் வண்டி பெரட்டுக்குப் போய்ச் சேராது. ராகுவிலேயே கட்டினால் மாப்பிள்ளைக்கு ஆகாது. கட்டாமல் போனால் சயாம் ரயில். அம்மா ராகுவில் தாலி ஏற விடமாட்டேன் என்றாள். கங்காணி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை ரத்தினம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அந்த நேரத்தில் தோக்கியோ மதியத்துச் சாப்பாட்டுக்காகக் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். பெண்டுலம் பன்னிரண்டு அடித்தது. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை என்பது எங்கள் தெருவில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். படுதாவை விலக்கிக்கொண்டு சொன்னேன்: "அம்மா, கடையில ராகு காலம் முடிஞ்சிபோச்சி."

அம்மா கரண்டியை ஓங்கினாள். பண்டாரம் கையைக் காட்டித் தடுத்தார். அவருக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. ராஜா வைத்ததுதான் நாட்டுக்கு நேரம் என்றும், நவக்கிரகமும் ராஜாவுக்குக் கட்டுப்பட்டதுதான் என்றும், எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறதென்று யாரும் கேட்டுவிடக்கூடாத வேகத்தில் சொல்ல ஆரம்பித்தார்.

"மன்னனாவது மாரியாத்தாவாவது. அடுப்படியில இப்பத்தான் ராகு பொறந்திருக்காரு, முன்னாடி கடையில மட்டும் எப்படிச் சாமி முடிஞ்சி போவாரு?" என்றாள் அம்மா.

அப்போதுதான் அத்தை எழுந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"அண்ணி, அடுப்படியில நின்னா எனக்குத் தாலியில்ல. கடையில நின்னா உண்டு. நான் முன்னாடி போறேன். ராகுவுக்கு அங்க வரத் தெரிஞ்சா வரட்டும்."

மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு, படுதாவைத் தோளால் தள்ளிவிட்டு, அத்தை ஜப்பானுக்குள் நடந்து போனாள். பின்னால் மாப்பிள்ளை. பின்னால் கல்யாணம் முழுவதும். வெங்காய மூட்டைகளைத் தள்ளி இடம் பண்ணினார்கள். கிழக்குச் சுவரில் கடிகாரம். அதற்கு எதிரே கிழக்கு முகமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும். பண்டாரம் மந்திரத்தைப் பாதியாகக் குறைத்தார். தாலி ஏறியது, குலவை எழுந்தது. அம்மாவும் குலவையிட்டாள், ஆனால் ஒரு காலை அடுப்படிப் பக்கமே வைத்துக்கொண்டு.

குலவைச் சத்தத்துக்கு அஞ்சடியில் பூட்ஸ் சத்தம் பதில் சொன்னது. அதே ஆபீசர். அனுமதி இல்லாமல் கூட்டம் கூடினால் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அப்பா தன்னையறியாமல் கன்னத்தைத் தொட்டுக்கொண்டார். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் சரியாக இருந்தது. கீழே பார்த்தார். கட்டின தாலியோடு இரண்டு பேரும் கிழக்கே பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சக்கரவர்த்தியை இவ்வளவு தாழ்ந்து கும்பிட்ட குடிமக்களை அவர் கெடாவில் அதுவரை பார்த்திருக்க மாட்டார். குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்து நின்று, கிழக்கே பார்த்து அவரும் குனிந்தார். அவர் குனிந்ததால் நாங்கள் எல்லாரும் குனிந்தோம். பண்டாரம் தேங்காயும் கையுமாகக் குனிந்தார். நிமிர்ந்த ஆபீசர் மணமக்களைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜப்பான் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள் நான்தானே. எனக்கு அந்த மொழியில் பத்து வரை எண்ணத் தெரியும், அவ்வளவுதான்.

"பதினாறும் பெத்து நல்லா இருக்கச் சொல்றாரு" என்றேன்.

கங்காணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபீசருக்கு ஒரு தொன்னையில் மரவள்ளிப் பாயசம் கொடுத்தார்கள். நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

வண்டி பெரட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. புது மாப்பிள்ளை என்று ரத்தினம் மாமாவை அந்தத் தடவை விட்டுவிட்டார்கள். தோட்டத்தில் அவருக்கு அடுத்த வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரை எடுத்தார்கள். அவர்கள் திரும்பவில்லை. அவர்களைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் மாமா எழுந்து வெளியே போய்விடுவார்.

மற்றபடி ராகு தன் கடமையைச் செய்தாரா என்பது இன்றுவரை தீராத வழக்கு. சண்டை வரும்போதெல்லாம் அத்தை, "ராகு காலத்துல கட்டிக்கிட்ட புருஷன் வேற எப்படி இருப்பான்" என்பாள். "எந்த ராகு? தோக்கியோ ராகுவா, நம்ம ராகுவா?" என்பார் மாமா. நாற்பது வருஷக் குடித்தனத்தை இந்த ஒரு கேள்வியிலேயே ஓட்டிவிட்டார்கள்.

ஜப்பான்காரன் போனதும் பழைய நேரம் திரும்பி வந்தது. நான் நர்ஸ் வேலை படிக்கக் கப்பலேறி வந்தபோது அந்த நேரத்தைக் கையோடு கொண்டுவந்து இங்கே சமையலறையில் மாட்டினேன். ஊர்க்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். ஆனால் இந்த ஜனவரியில் கோலாலம்பூரில் உத்தரவு போட்டு நாட்டு நேரத்தையே அரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள். செய்தி எனக்கும் வந்தது. முள்ளை மாற்ற நாற்காலி போட்டு ஏறினேன், மாற்றாமல் இறங்கிவிட்டேன். டோரதி கைவைக்கும்வரை என் அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்தது எந்த ஊரின் நேரமும் இல்லை. அதனால்தான் அவளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

அவள் போனதும் சுங்கை பட்டாணிப் பக்கம் பாக்கார் ஆராங்கில் மகன் வீட்டில் இருக்கும் அத்தைக்கு டெலிபோன் போட்டேன். தொலைதூரக் கட்டணத்தை நினைத்து நேராக விஷயத்துக்கு வந்தேன். "அத்தை, அங்க இப்ப மணி என்ன?"

"எந்த மணி கேக்குற? கவர்மெண்டு மணி பத்து. அடுப்படியில ஒம்போதரை."

"நீங்க இன்னும் மாத்தலியா?"

"ஹால்ல மகன் மாத்திட்டான் லா. இங்க கைய வெச்சான்னா கரண்டிதான். ஒரு தடவ முன்னாடி போய்த் தாலி கட்டிக்கிட்டு நான் பட்டது போதும்" என்றாள். பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது: எந்த ராகு என்று கேட்கிறார் போலிருந்தது.

நாற்காலி போட்டு ஏறி, முள்ளை ஒன்பதரையில் வைத்துவிட்டு இறங்கினேன். தேநீர்க் கோப்பையோடு இரண்டு அறைகளுக்கும் நடுவில், வாசற்காலில் சாய்ந்து நின்றேன். முன்னறையில் ஞாயிறு பகல் இரண்டு மணி, வெளிறிய வெயில். அடுப்படியில் இரவு ஒன்பதரை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, நல்ல பசி. எந்தச் சாப்பாட்டுக்கான பசி என்றுதான் தெரியவில்லை.