கழற்றக் கூடாத வளையல்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தை அடுத்த ஓர் ஏற்றுமதித் துணி கம்பெனியில், செக்கிங் பிரிவில் வேலை பார்த்தேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் பக்கத்து வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வருவேன். பிளஸ் டூ படித்தவள் என்று என்னை முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மருந்துப் பெட்டிச் சாவி என் இடுப்பில் ஏறியது. பெரும்பாலும் ஊசி குத்திய விரலுக்கு பிளாஸ்திரி ஒட்டுவதுதான்.

ஒரு மதியம் அயர்னிங் பிரிவில் நீராவிக் குழாய் பிடுங்கிக்கொண்டு, ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் மணிக்கட்டில் ஆவி அடித்தது. முந்தின வாரம்தான் வளைகாப்பு. கை நிறையக் கண்ணாடி வளையல். தண்ணீர்க் குழாயடியில் அவள் கையைப் பிடித்தேன். வீங்குவதற்குள் வளையலைக் கழற்றிவிட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பிரசவம் வரை கழற்றக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். என் குழந்தை பிறக்கும்வரை நானே கழற்றவில்லையே.

"இன்னாக்கா பண்றே? வயித்துல புள்ளய வச்சிகினு கீறா. வளையல்ல கை வெக்காதே," என்றாள் தையல் பிரிவுக்காரி ஒருத்தி. இன்னொருத்தி வெந்த இடத்தில் தடவப் பற்பசையோடு வந்து நின்றாள். ஏதாவது ஆனால் உன்னைத்தான் கேட்பார்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு சூப்பர்வைசர் ஒதுங்கிக்கொண்டார்.

கழற்றட்டுமா என்று அந்தக் கர்ப்பிணியையே கேட்டேன்.

"கை போயிடுமாக்கா?"

"தெரியலம்மா. வீங்கினா வளையல் இறுக்கிடும்."

கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

தண்ணீர் ஓட ஓட ஒவ்வொன்றாக உருவினேன். கடைசி இரண்டு வரவில்லை. துணி சுற்றி, மெக்கானிக்கின் குறடால் நெரித்து உடைத்தேன். உருவியவற்றைக் கட்டுத்துணியில் முடிந்து மருந்துப் பெட்டியில் வைத்துவிட்டு, அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

கழற்றியது நல்லதாயிற்று என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். எனக்கு நிம்மதி வரவில்லை. அவள் வேலைக்குத் திரும்பவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் உட்காருபவர்கள் குறைந்தார்கள். வீட்டில் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் அவள் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதான் நினைப்பு. கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ, சோப்பு போட்டுப் பார்த்திருக்கலாமோ? சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு சாயங்காலம் கம்பெனி கேட்டருகே துணி சுற்றிய குழந்தையோடு அவள் நின்றாள்.

"மிச்ச வளையல் உன் பெட்டிலதானேக்கா கீது? எங்க மாமியா கேட்டுகினே கீது," என்று சிரித்தாள்.

கட்டுத்துணியில் முடிந்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். குழந்தையை என் கையில் தந்தாள். வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வெந்த கைக்கு என்ன செய்வதென்று எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். செய்தபின் அந்த மாதங்களைச் சுமப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லை, அதை இன்றும் நான் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.