சம்மனசுக் காசு

ஜெரால்டின் வெள்ளிக் காசுகளைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கை கழுவ வேண்டும். கழுவினால் போதாது, ஈரம் போகத் துடைக்கவும் வேண்டும். அப்புறமும் காசைத் தொட விடமாட்டான். "பெறகு எதுக்குய்யா கை கழுவச் சொன்னே?" என்று கேட்டால், "ஆல்பத்தைப் பொரட்டணும்ல" என்பான். ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகில் மிஷின் பார்க்கிற ஆள் அவன். நக இடுக்கில் டீசல் கறுப்பு நிரந்தரமாகக் குடியிருக்கும். அப்பேர்ப்பட்டவனுக்கு இந்தக் காசு விஷயத்தில் மட்டும் அப்படியொரு சுத்தபத்தம்.

ஆரம்பித்து வைத்தவன் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி. லீவில் வந்தபோது மற்றவர்களுக்கெல்லாம் சென்ட்டும் தைலமும் கொடுத்துவிட்டு, அண்ணனுக்கு ஒரு அவுன்ஸ் வெள்ளிக் காசைக் கொடுத்தான். கனடா நாட்டுக் காசு, ஓர் இலை போட்டது. அன்றைக்குப் பிடித்த பித்துதான். அதன்பிறகு மீன் விற்றதில் வரும் தன் பங்குப் பணத்தில் மிச்சம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பி, கங்காரு போட்டது, கரடி போட்டது என்று ஒவ்வொன்றாக வரவழைத்தான். எல்லாம் வட்டமான பிளாஸ்டிக் டப்பியில் அடைபட்டு ஆல்பத்தில் உட்கார்ந்திருக்கும். உப்புக்காற்று பட்டால் வெள்ளி கறுத்துப்போகும் என்று அந்த ஆல்பத்தையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடியிருந்தான்.

அவன் பெண்டாட்டி அடைக்கலமேரி ஒரு கிறிஸ்மசுக்கு முன்னால், புருஷனுக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்துக்கொண்டு, அந்த இலைக் காசைப் பல்பொடி போட்டுத் தேய்த்துவிட்டாள். கொலுசு விளக்குகிற கைக்கு வெள்ளி என்றால் எல்லாம் ஒன்றுதான். காசு என்னவோ பளபளவென்றுதான் இருந்தது, ஜெரால்டுக்குத்தான் உயிர் போய்விட்டது. தேய்த்தால் கீறல் விழும், தொட்டால் ரேகை விழும், அப்படிக் கீறலோ ரேகையோ விழுந்த காசை, சேகரிக்கிறவன் எவனும் சீந்தமாட்டான். "ஓரத்தைப் பிடிக்கணும், மொகத்துல கை வைக்கக் கூடாது" என்பது அந்த வீட்டின் சட்டமானது. அடைக்கலமேரி தன்னை இப்படி யாரும் பொத்திப் பொத்தி வைத்ததில்லை என்று சொல்லிக் காட்டுவாள். அதில் பொய்யும் இல்லை.

எல்லாவற்றிலும் உசத்தி மெக்சிகோ காசு. பெரிய இறக்கையோடு ஒரு பெண் நிற்கிறாள், பின்னால் மலை. அது வெளிவந்த வருஷம் குறைச்சலாகத்தான் அடித்தார்களாம், தம்பி கடை கடையாக அலைந்து வாங்கினான். கோயில் பீடத்தில் இருக்கிற தேவதூதச் சம்மனசு மாதிரியே இருக்கிறது என்று ஜெரால்டு அதற்குச் சம்மனசுக் காசு என்று பேர் வைத்தான். கடலுக்குப் போகுமுன் டின்னைத் திறந்து அதை மட்டும் ஒருதரம் பார்த்துக்கொள்வான். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. வீட்டுக்காரியிடமும்தான்.

போன வருஷம், எல்லை தாண்டிவிட்டதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை இவர்கள் படகைப் பிடித்தது. ஆட்களையெல்லாம் கொண்டுபோய் ஜெயிலில் வைத்தார்கள். வாய்தா மேல் வாய்தா. ஊரில் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள், கலெக்டர் ஆபீசுக்கு பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தார்கள். அடைக்கலமேரி அதோடு அந்தோணியார் கோயிலுக்கும் போய் மண்டியிட்டாள். "எம் புருஷன் வீடு வந்து சேரட்டும். அந்த ஆல்பத்துலேயே உசத்தியான காசு ஒனக்கு" என்று நேர்ந்துகொண்டாள்.

ஜெரால்டும் மற்றவர்களும் விடுதலையாகி வந்தார்கள். படகை ஓட்டிய டிரைவர் அறிவுமதிக்கு மட்டும் தண்டனை போட்டு நிறுத்திக்கொண்டார்கள். கல்யாணம் ஆகாத பையன். அவன் ஆத்தா சந்தனமேரி, அவர்கள் வந்து இறங்கிய வேனுக்குள் தலையை விட்டு, எல்லா சீட்டையும் பார்த்துவிட்டுத்தான் விலகினாள். ஜெரால்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சோறு போட்டுவிட்டு அடைக்கலமேரி ஆல்பத்தை எடுத்து வந்தாள். நேர்ந்துகொண்டதைச் சொன்னாள். "எதுங்க உசத்தி? எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது."

ஜெரால்டு கங்காருவைக் காட்டினான். அவன் விரல் சம்மனசைத் தாண்டி வேகமாகப் போனது, அந்த வேகம்தான் காட்டிக்கொடுத்தது. இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு இதுகூடவா தெரியாது?

"அந்தோணியார் கேட்டாலும் இதைத்தான் காட்டுவீங்களா?"

ஜெரால்டு கொஞ்சநேரம் சோற்றைப் பிசைந்தான். பிறகு கை கழுவி, துடைத்து, சம்மனசை எடுத்துக் கொடுத்தான். இதில் ஒரு கணக்கும் இருந்தது. அந்தக் கோயிலில் நேர்ச்சையாக வருகிற கோழி, ஆடு, வெள்ளி எல்லாவற்றையும் செவ்வாய்க்கிழமை பூசை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். தான் கொடுத்த ஆட்டைத் தானே ஏலத்தில் எடுத்துப்போகிறவர்களும் உண்டு. கோயிலுக்குப் பணம் போகும், ஆடு வீட்டுக்கு வரும். அடைக்கலமேரிக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. மோதிரத்தை வைத்துப் பணம் புரட்டிக்கொண்டு செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் கோயிலுக்குப் போனார்கள்.

உபதேசியார் தட்டிலிருந்து டப்பியை எடுத்துத் தூக்கிக் காட்டினார். "நம்ம ஜெரால்டு நேர்ச்சை. வெள்ளி. சம்மனசு போட்டது."

ஜெரால்டு ஆரம்பித்து வைத்தான். ஐஸ் கம்பெனிக்காரர் விளையாட்டுக்கு இரண்டு தடவை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். முடிந்தது என்று ஜெரால்டு எழுந்தபோது, பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் அதற்கு மேலே விலை கேட்டது. ஜெரால்டு இன்னும் ஏற்றினான். குரலும் ஏறியது. அவன் கோபத்தோடு திரும்பிப் பார்த்தான்.

தூணைப் பிடித்துக்கொண்டு சந்தனமேரி நின்றாள். காதில் கிடந்த தோட்டைக் காணோம்.

"ஒருதரம்," என்றார் உபதேசியார், ஜெரால்டைப் பார்த்தபடி.

"கேளுங்க, பணம் இருக்குல்ல," என்று அடைக்கலமேரி பின்னால் வந்து கிசுகிசுத்தாள். அப்புறம் அவளும் தூண் பக்கம் பார்த்தாள்.

"ரெண்டுதரம்."

அந்தக் காசு இனிமேல் கிடைக்காது. தம்பியே சொல்லியிருக்கிறான். ஜெயிலில் படுத்துக்கொண்டு, மூடிய கண்ணுக்குள் அதைத்தான் பார்த்தான். பக்கத்தில் படுத்திருந்த அறிவுமதி, "அண்ணே, ஆத்தா சாப்பிட்டிருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அவன் கேட்டது இப்போது காதில் விழுந்தது. ஜெரால்டு உட்கார்ந்துவிட்டான்.

"மூணுதரம்."

வெளியே வந்ததும் சந்தனமேரி நேராக அவனிடம் வந்தாள். "கோவிச்சுக்கிடாதப்பா. ஒன்னையக் கொண்டாந்து சேத்த காசுல்ல. எம் புள்ளையையும் கொண்டாந்திரும்னு ஒரு நெனப்பு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல ஆத்தா."

"இது எதுக்கு?" என்று அவள் பிளாஸ்டிக் டப்பியை நகத்தால் நெம்பித் திறந்து மூடியைக் கீழே போட்டாள். மீன் அரிந்து அரிந்து தடித்த கை, வேர்வை வேறு. காசை உள்ளங்கையில் எடுத்து, சம்மனசின் முகத்தைக் கட்டைவிரலால் தடவினாள். கண்ணில் ஒற்றி, உதட்டில் வைத்து முத்தி செய்து, மூடிய கைக்குள் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

அடைக்கலமேரி புருஷனைப் பார்த்தாள். அவன் வாய் திறந்தது.

"நல்லா இறுக்கிப் புடிச்சுக்க, ஆத்தா," என்றான்.